ஊருக்குப் பட்ட கடன்

ஒரு தொழில் முடிவுறுவது வேறு. ஓர் ஊர் முடிவுறுவது வேறு. தொழில் என்பது மனிதர் தம் தேவையை நிறைவு செய்தற்பொருட்டு ஏற்படுத்திக்கொண்ட ஒரு முறை. தேவை மாறினால் முறையும் மாறும், அதிலே வியப்பில்லை. ஊர் அத்தகையதன்று. அது ஒரு தொழிலுக்காகத் தோன்றியிருக்கலாம். ஆயின், இரண்டு மூன்று தலைமுறையினர் அங்கே பிறந்து, மணந்து, போராடி, மடிந்தபின் அது தான் தோன்றிய காரணத்தைக் கடந்துவிடுகிறது. ஆயினும், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட நாடுகளிலே அதிகாரத்திலிருந்தோர் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதினர். சுரங்கம் மூடப்பட்டது, ஆகவே ஊரின் கணக்கும் முடிந்தது என்பது அவர்கள் கண்ட முடிபு.

அம்முடிபு சரியானதுதானா? ஒரு சமுதாயம் முழுவதற்கும் நூறாண்டுக்கு மேலாக எரிபொருள் தந்த ஊருக்கு, அவ்வெரிபொருள் வேண்டப்படாத காலத்தில் அச்சமுதாயம் ஏதேனும் கடமைப்பட்டுள்ளதா? கடமைப்பட்டதாயின் அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? பொருளாதார நூலார் இதனை நலிவுற்ற பிரதேசங்களின் புனரமைப்பு எனப் பெயரிட்டு, நிர்வாகிகள் தீர்த்துக்கொள்ளவேண்டிய ஒரு பிரச்சினையாக ஒதுக்கிவிடுவர். அடிப்படையில் இஃது ஓர் அறப் பிரச்சினை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். சுரங்கம் மூடப்பட்டதற்காகக் கண்ணீர் வடிப்பது நம் நோக்கமன்று. தொழிலாளர் வாழ்வைப் போற்ற முற்படும் சிலர் சுரங்கத்தையே ஒரு புண்ணியத் தலமாக்கிவிடுகின்றனர். அதனுள் இறங்கியவர்கள் அதனை அவ்வாறு கண்டதில்லை. தென் வேல்ஸிலுள்ள செங்ஹெனித் என்னும் ஊரில் 1913ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் 439 சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். வெடிப்புக்கும் சரிவுக்கும் தப்பியவர் பலரைத் தூசு வருத்தியது. பல்லாண்டுக் காலம் உட்கொண்ட நிலக்கரித் தூசு நுரையீரலிலே படிந்து, முதுமை வருமுன்னரே அவர்தம் மூச்சை முடக்கியது. தம் மகன் தம்பின்னே கூண்டில் இறங்காது, பள்ளிக்கூடம் சென்று வேறொரு தொழில் பெறவேண்டும் என விரும்பிய தந்தையர் அவ்வூர்களிலே பலர். மேலும், நிலக்கரியை எரிப்பதனால் புவி வெப்பமடைகிறது என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. ஆகவே நிலக்கரியின் காலம் முடிவது நன்றே. அம்முடிவின் சுமையை எவர் தாங்குவது என்பதுதான் நம்முன் உள்ள வினா.

அவ்வூர்கள் எத்தகையன என்பதை அறிந்தாலன்றி இவ்வினாவின் ஆழம் விளங்காது. தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் 1913ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் தொன் நிலக்கரி வெட்டப்பட்டது. 1920ஆம் ஆண்டளவில் அங்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் தம் வாரக் கூலியிலிருந்து சில்லறைக் காசுகளை ஒதுக்கி மன்றங்கள் கட்டினர். அவற்றிலே நூல்நிலையங்களும் வாசிகசாலைகளும் அமைத்தனர். டிரெடீகர் என்னும் ஊரில் தொழிலாளர் தம் சந்தாப் பணத்தைக் கொண்டு மருத்துவரை அமர்த்தி, நோயுற்ற எவரும் கட்டணத்துக்கு அஞ்சாது சிகிச்சை பெற வழி செய்தனர். அவ்வூரில் 1897இல் பிறந்து, சிறுவனாகவே சுரங்கத்தில் இறங்கிய அனியூரின் பெவன் பிற்காலத்தில் சுகாதார அமைச்சரானார். 1948ஆம் ஆண்டு அவர் பிரித்தானியா முழுவதற்கும் ஏற்படுத்திய தேசிய சுகாதார சேவைக்கு டிரெடீகர் ஒரு முன்மாதிரியாக விளங்கியது.

எனவே, அம்மக்கள் வெட்டி எடுத்தது கரியை மட்டுமன்று. கூடி வாழவும், கூடிச் சேமிக்கவும், கூடி முடிவெடுக்கவும் வல்ல ஒரு பொது வாழ்வை அவர்கள் உருவாக்கினர். கரி ஒருநாள் தீரும். இந்த வல்லமை தானாகத் தீர்வதில்லை; அதனைச் சிதறடித்தால்தான் அது அழியும்.

'இது வேல்ஸ் நாட்டார் கதை; நமக்கென்ன?' என்று வாசகர் சிலர் கேட்கலாம். வேல்ஸ் நிலக்கரி நீராவிக் கப்பல்களுக்குச் சிறந்ததென உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. சூயெசுக்கும் கிழக்கு நாடுகளுக்குமிடையே சென்ற கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் துறையாகக் கொழும்பு நெடுங்காலம் விளங்கியது. நம் நாட்டுத் தேயிலை இலண்டன் சேர்ந்தது நிலக்கரியின் ஆவியினாலேதான். இன்றும் நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாற் அனல்மின் நிலையம், வேறொரு நாட்டுத் தொழிலாளி வெட்டிய கரியையே எரிக்கிறது. மாலையில் நாம் விளக்கேற்றிப் புத்தகம் விரிக்கும்போது அவனுடைய உழைப்பும் அவ்வொளியில் உள்ளது. நன்மையை நுகர்ந்தோர் வரிசையில் நாமும் நிற்பதனால், இவ்வினா நம்மை விட்டு விலகியதன்று.

இனி, இவ்வினாவுக்குக் கூறப்பட்ட விடைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

வேலை உள்ள இடத்துக்கு மனிதர் செல்லட்டும் என்பது முதலாவது விடை. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. கடமை என்பது மனிதருக்குரியது. மண்ணுக்கும் கட்டடங்களுக்கும் எவரும் கடமைப்பட்டவரல்லர். எதிர்காலமற்ற ஓர் ஊரை மானியத்தினால் உயிரோடு வைத்திருப்பது, அங்குள்ள பிள்ளைகளை அவ்வறுமையிலேயே கட்டிவைப்பதாகும். அப்பணத்தை அப்பிள்ளைகளுக்கே கொடுத்து வேறிடம் அனுப்பினால் என்ன? இவ்வாறு வாதிப்போர் அனைவரும் இரக்கமற்றவரல்லர்.

ஆனால் இவ்வாதம் மனிதரைத் தனித்தனியே எண்ணுகிறது. அவர்கள் தனித்தனியே வாழ்வதில்லை. சுரங்கம் மூடப்பட்டவுடன் அவ்வூர் வீடுகளின் விலை வீழ்கிறது. அவ்வீட்டை விற்ற பணத்தில் செழிப்பான நகரிலே ஓர் அறைதானும் வாங்க இயலாது. அதனையும் மீறிச் செல்பவர் இளைஞர், உடல் வலிமையுடையோர், கற்றோர். எஞ்சுவோர் முதியோர், நோயாளர், அவர்களைப் பராமரிக்கும் பெண்கள். சென்றவரோடு கடைகள் செல்கின்றன; பேருந்துகள் குறைகின்றன; பாடசாலையிலே வகுப்புகள் குறைகின்றன. விரும்பியவர் செல்லலாம் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டு, செல்ல இயலாதவர்மீது கூரை சரிவதை நாம் பாராதிருக்கிறோம். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரித்தானிய நிலக்கரிப் பிரதேசங்களை ஆராய்ந்து 1990களில் வெளியிட்ட முடிபு இங்கு கருதத்தக்கது. அங்கு வேலையிழந்த ஆண்களிற் பெருந்தொகையினர் வேலையற்றோர் பட்டியலில் நில்லாது, நோயுற்று உழைக்க இயலாதோர் பட்டியலுக்கு மாறியிருந்தனர். வேலையில்லாமை ஒழிந்ததுபோற் கணக்கிலே தோன்றியது. வாழ்விலே அது வேறொரு பெயர் பூண்டு நின்றது.

நிலத்தையும் மக்களையும் தொழிலையும் பிரித்துப் பாராத ஒரு மரபு நம்முடையது. தொல்காப்பியர் வகுத்த திணை நெறியில் நிலமும் பொழுதும், அந்நிலத்து மக்களும் அவர்தம் தொழிலும், அவர்தம் அக வாழ்வும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்ட நிலையிலே பாலை என்னும் வடிவை எய்தும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. அங்கே நிலத்தைத் திரித்தது வேனிலின் வெம்மை. சுரங்க ஊர்களைப் பாலையாக்கியதோ மனிதர் எடுத்த முடிவு; இயற்கையைக் குறைகூறி இதிலிருந்து நாம் தப்பமுடியாது.

அம்முடிவுகளுள் ஒன்று இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்திலே எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டு அம்மாவட்ட சபை தன் அபிவிருத்தித் திட்டத்தில் ஊர்களை நான்கு வகையாகப் பிரித்தது. நான்காவது வகையில் 114 ஊர்கள் இடம்பெற்றன. அவற்றில் இனிப் புதிய முதலீடு செய்யப்படாது. பழைய வீடுகள் பழுதுற்றால் அவற்றுக்கு ஈடாகப் புதியன கட்டப்படா. குடிகள் மெல்ல மெல்ல வேறிடம் சேர்க்கப்படுவர். மக்கள் எதிர்த்துப் போராடினர். ஊர்களிற் பல தப்பிப் பிழைத்தன. சில இடித்து நிரவப்பட்டன. 1977இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. நாம் கவனிக்கவேண்டியது இதுவே: அச்சபை முதலாளிகளின் சபையன்று, தொழிற்கட்சியின் கோட்டை. சுரங்கத் தொழிலாளர் தலைவராயிருந்த பீற்றர் லீயின் பெயரால் பீற்றர்லீ என்னும் புதிய நகரை அமைப்பதற்கு 1948இல் வழி பிறந்ததும் அம்மாவட்டத்திலேதான். தொழிலாளருக்கு நல்ல வீடு வேண்டும் என்ற நல்லெண்ணமே அங்கு தொழிற்பட்டது. ஆனால் எந்த ஊர் வாழவேண்டும், எந்த ஊர் மடியவேண்டும் என்ற தீர்ப்பை அவ்வூரார் இல்லாத ஓர் அறையிலிருந்து எழுதினர். நல்லெண்ணம் கேட்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

முதலாளிகளை ஊருக்கு அழைத்து வருவோம் என்பது இரண்டாவது விடை. நிலம் இலவசம், வரிச் சலுகை, மானியம் என்பன தூண்டில்கள். ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் போஹும் என்னும் நகர் இதற்கு உதாரணமாகும். பழைய சுரங்க நிலத்திலே 1962ஆம் ஆண்டு ஓப்பல் மோட்டார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உச்சக் காலத்தில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 2014ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. அந்நகரிலேயே அரச மானியம் பெற்று இயங்கிய நோக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலை 2008இல் மூடப்பட்டு, உற்பத்தி கூலி குறைந்த ருமேனியாவுக்குச் சென்றது. 2011இல் ருமேனியத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஓப்பல் அரை நூற்றாண்டு சோறிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு முதலாளியை நம்பியிருந்த ஊர் இன்னொரு முதலாளியை நம்பியிருக்கும் ஊராக மாறியதேயன்றி, அதன் நிலை மாறவில்லை. முடிவு எடுக்கப்படும் இடம் அன்றுபோல இன்றும் ஊருக்கு வெளியிலேயே இருந்தது.

அரசே உடைமையாளனாகிவிட்டால் இக்குறை தீராதோ? நம்மிற் பலர் இவ்வாறு நம்புகிறோம். பிரித்தானியச் சுரங்கங்கள் 1947ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் மக்களின் பெயரால் அரசுடைமையாக்கப்பட்டன. அஃது ஒரு பெரும் வெற்றி. ஆயினும் 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் தென் வேல்ஸின் அபர்வன் ஊரில், தேசிய நிலக்கரிச் சபை மலைச்சரிவிலே கொட்டிவைத்த கழிவு மேடு சரிந்து பாடசாலையை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். மேட்டைப் பற்றிய அச்சத்தை ஊரார் முன்னரே தெரிவித்திருந்தனர். விசாரணை மன்றம் சபையையே குற்றவாளியெனக் கண்டது. எனினும், எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென, உலக மக்கள் இறந்தோர் குடும்பங்களுக்கு அனுப்பிய உதவி நிதியிலிருந்து 1968இல் ஒன்றரை இலட்சம் பவுண் எடுக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்தோரே அவர்களைக் கொன்ற மேட்டை அகற்றவும் பணம் கொடுத்தனர். அப்பணம் வட்டியின்றி 1997இற்றான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பொதுவுடைமை என்ற பெயர் இருந்தது. ஊரின் குரலுக்கு அங்கே இடமிருக்கவில்லை. உடைமை யாருடையது என்ற வினாவோடு, முடிவு யாருடையது என்ற வினாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதே அபர்வன் இடதுசாரிகளாகிய நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அவ்வாறு கேட்ட தொழிலாளரும் உளர். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த பெருவேலைநிறுத்தம் தோல்வியுற்றபின் பிரித்தானியச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தென் வேல்ஸிலிருந்த டவர் என்னும் சுரங்கம் இலாபமற்றதெனக் கூறி 1994 ஏப்ரலில் மூடப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் டைரோன் ஓசலிவன் முன்னிற்க, 239 தொழிலாளர் தாம் பெற்ற நட்டஈட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண் இட்டு அச்சுரங்கத்தை வாங்கினர். 1995 ஜனவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது, இலாபமும் ஈட்டியது. வெட்டக்கூடிய கரி தீர்ந்தபின் 2008 ஜனவரியில் அவர்களே அதனை மூடினர். அதுவும் மூடப்பட்டதுதானே என்று கேட்கலாம். மூடப்பட்டதுதான், ஆனால் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், கரி தீர்ந்தமையால், உழைத்தவர் தாமே எடுத்த முடிவினால். 1994இன் மூடலும் 2008இன் மூடலும் தோற்றத்திலே ஒன்று. அறத்தின் முன்னே இரண்டும் வேறு.

இவ்வேறுபாட்டை ஒரு பிரதேச அளவிலே காணவேண்டுமாயின் மீண்டும் ரூர் பிரதேசத்தை நோக்கவேண்டும். 1957ஆம் ஆண்டளவில் மேற்கு ஜேர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் உழைத்தனர். அடுத்த ஆண்டே நெருக்கடி தொடங்கியது. இறுதிச் சுரங்கம் பொட்றொப் நகரில் மூடப்பட்டது 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள். அறுபது ஆண்டுகள்! நிலக்கரி, உருக்குத் தொழில்களின் மேற்பார்வைச் சபைகளில் தொழிலாளருக்குச் சரிபாதி இடம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உறுதியாக்கப்பட்டிருந்தது. எனவே அவர்களைக் கேளாது எதுவும் செய்ய இயலவில்லை. கடைசி மூடலுக்கான உடன்பாடு 2007இல் எட்டப்பட்டது. பதினொரு ஆண்டு முன்னறிவித்தல்! கட்டாய ஆட்குறைப்பைத் தவிர்த்து, முன்கூட்டிய ஓய்வினாலும் இடமாற்றத்தினாலும் ஆட்தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எட்டாதிருந்த உயர்கல்வி, 1965இல் போஹும் பல்கலைக்கழகம் கற்பித்தலைத் தொடங்கியதோடு அவர்கள் வாயிலுக்கே வந்தது. சுரங்கச் சரிவினால் நிலத்தடிக் குழாய் பதிக்க இயலாது, கழிவுநீர்ச் சாக்கடையாகிவிட்ட எம்ஷர் ஆறு, 1992 முதல் 2021 வரை பாடுபட்டுத் தூய்மையாக்கப்பட்டது. நிலத்தின் கீழ் ஊறும் நீரை என்றென்றும் இறைத்துக்கொண்டிருக்கவேண்டும். அச்செலவுக்கென ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது.

ரூரைச் சுவர்க்கமாகக் காட்டுவது பொய்யாகும். கெல்சன்கிர்ஹன் நகரிலே வேலையில்லாதோர் விகிதம் இன்றும் ஜேர்மனியின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. அந்நாடு ஈந்த மானியத்தினால் நிலக்கரியின் ஆயுள் வேண்டிய அளவுக்கு மேல் நீண்டது என்ற குற்றச்சாட்டிலும் உண்மையுண்டு. ஆயினும் பிரித்தானியாவில் பெரும்பாலான சுரங்கங்கள் ஒரே பத்தாண்டில் மூடப்பட்டதோடு இதனை ஒப்பிட்டால் இரு பொருள்கள் தெளிவாகத் தெரிகின்றன: அங்கு காலம் கொடுக்கப்பட்டது, குரல் கொடுக்க இடமளிக்கப்பட்டது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பர். 1994இல் பிரித்தானியச் சுரங்கங்கள் தனியார்மயமாக்கப்பட்டபோது, தொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. அதற்குக் கைம்மாறாக நிதியின் மிகைவருவாயிற் பாதி அரசுக்குரியதாயிற்று. 2021ஆம் ஆண்டு பாராளுமன்றக் குழுவொன்று கணக்கிட்டபோது, அவ்வகையில் அரசு 440 கோடி பவுண் பெற்றிருந்தது. உத்தரவாதத்தின் பேரில் ஒரு காசும் செலவிட நேரவில்லை. 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் 150 கோடி பவுண் ஒதுக்க நிதி, எஞ்சியிருந்த ஏறத்தாழ 1 இலட்சத்து 12 ஆயிரம் முன்னாள் தொழிலாளருக்கு மீட்டளிக்கப்பட்டது. அதற்குள் மாண்டவர் எத்தனை பேர்! நலிவுற்ற ஊர்களுக்கு நாடு பிச்சையிடுகிறது என்று பேசப்பட்ட அதே ஆண்டுகளில், அவ்வூர் முதியோரின் சேமிப்பிலிருந்து நாடு வருவாய் பெற்றுக்கொண்டிருந்தது.

இன்னொரு தடையும் எழுப்பப்படும். நெசவாளியும் தச்சனும் காலமாற்றத்தால் தொழிலிழக்கவில்லையா? சுரங்கத் தொழிலாளிக்கு மட்டும் தனிச் சலுகை ஏன்? இதற்கு விடை, சலுகை கேட்கப்படவில்லை என்பதே. ஒரு மாற்றத்தின் நன்மை எல்லோர்க்கும் சேருமாயின், அதன் இழப்பு ஒரு சிலர் தலையில் மட்டும் விழுதல் நீதியன்று என்னும் பொது விதியே இங்கு கூறப்படுகிறது. நெசவாளிக்கு அது மறுக்கப்பட்டதென்றால் அதுவும் அநீதியே. பழைய அநீதி புதிய அநீதிக்குச் சான்றாகாது. புவியின் வெப்பம் தணிவதால் உலகம் முழுவதும் பயன்பெறும். அதற்குரிய விலையை நிலக்கரி ஊர்கள் மட்டும் செலுத்தவேண்டும் என்பது எந்தத் தராசில் நிறுத்த நீதி?

நம்மவர் இத்தகைய சூழலிலே செய்ந்நன்றி அறிதல் பற்றிப் பேசுவதுண்டு. வள்ளுவர் வகுத்த அறங்களுள் அது உயர்ந்தது. ஆயினும் இங்கு அச்சொல் போதாது. நன்றி காட்டுவோன் தான் விரும்பிய அளவு காட்டுவான். பெறுவோன் கைகூப்பி நிற்கவேண்டும். கடன் அவ்வாறன்று. கடன் கொடுத்தவன் நிமிர்ந்து நின்று கேட்கலாம். எவ்வளவு, எப்போது, எவ்வகையில் என்று பேசலாம். சுரங்க ஊர்கள் கேட்பது இந்த நிமிர்ந்த நிலையையே.

அக்கடனைத் தீர்க்கும் வழி இப்போது ஓரளவு புலப்படுகிறது. மூடுவதற்குப் பல்லாண்டுக்கு முன்னரே அறிவித்தல். அம்முடிவிலும் அதன்பின் வரும் திட்டங்களிலும் ஊராருக்கு வாக்குரிமை அளித்தல். அழித்த நிலத்தையும் நீரையும் அழித்தவர் செலவிலேயே சீராக்குதல். வெளியேற விரும்புவோர்க்கு உதவுவதோடு தங்குவோர்க்கும் பாடசாலை, மருத்துவமனை, பேருந்து என்பவற்றைக் குறையாது வைத்திருத்தல். புதிதாக எழும் தொழில்களில் ஊருக்கே உடைமைப் பங்கு அளித்தல். இவற்றுள் எதுவும் கனவன்று. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில், அரைகுறையாகவேனும் செய்து பார்க்கப்பட்டது.

இவ்வினா முடிந்துபோன வரலாறன்று. பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டெம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. ஜேர்மனி 2038ஆம் ஆண்டுக்குள் நிலக்கரியை முற்றாகக் கைவிடுவதாக 2020இற் சட்டமியற்றி, அப்பிரதேசங்களுக்கென 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியுள்ளது. இந்தியா, சீனா, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் இன்று கரி வெட்டும் இலட்சக்கணக்கானோருக்கு அந்நாள் இனித்தான் வரவிருக்கிறது. அவர்களுடைய ஊர்களைப் பற்றிய திட்டங்கள் எழுதப்படும் அறைகளில் அவர்கள் அமர்ந்திருப்பார்களா என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. வகுப்பறையிலே நிலக்கரி எங்கு கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று நாம் கற்பிக்கிறோம். மாணவரும் படத்திலே கறுப்புப் புள்ளியிட்டுக் காட்டுகின்றனர். அப்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஊர் என்பதையும், அவ்வூருக்கு நாம் கடன்பட்டவர் என்பதையும் அதே பாடவேளையிற் சொல்லிக்கொடுப்பது நம்மால் இயலும்.